கூரை விழுவதற்கு முன் என்ன காட்டும்: நிலத்தடி நிலக்கரிச் சுரங்கக்காரர்களின் அனுபவப் பகிர்வு

தொடக்கப் பதிவு

கூரை சரிந்த இடங்களில் பலமுறை ஒரே காட்சிதான். ரூஃப் போல்ட் (கூரைப் பாறையில் துளை போட்டு ஏற்றும் இரும்புக் கம்பி) அறுந்திருக்காது. முழு நீளத்தில், தட்டும் நட்டும் கழலாமல், பாறைக் கட்டியோடு சேர்ந்து கீழே கிடக்கும். இரும்பு தன் வேலையைச் செய்திருக்கிறது. ஒன்று, கம்பியைப் பாறையோடு ஒட்டவைக்கும் பசையான ரெசின் பிடிக்கவில்லை, அல்லது பாறை போல்ட்டின் நுனிக்கும் மேலே பிளந்திருக்கிறது. இந்த இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. போல்ட் எண்ணிக்கையைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பது ஆபத்து. அவரவர் பார்த்ததை அளவோடு எழுதுங்கள். படிக்கிறவர் அடுத்த ஷிப்டில் தன் காலரியில் (சுரங்கப் பாதையில்) போய்ச் சரிபார்க்கும்படி இருக்கட்டும்.

கூரை தட்டிப் பார்ப்பது பற்றி (ஷிப்ட் மேற்பார்வை)

தட்டிப் பார்க்கும்போது எந்திரம் எதுவும் ஓடக்கூடாது. பக்கத்தில் ஃபேன் இரைந்தால்கூடச் சத்தத்தை நம்ப முடியாது. கடைசி போல்ட் வரிசைக்குக் கீழே நின்று, முகப்பை (கரி வெட்டும் முனையை) பார்த்துத் தட்டிக்கொண்டு போக வேண்டும். நல்ல கூரை ‘கணீர்’ என்று பதில் சொல்லும். பிளந்த கூரை ‘பொத்’ என்று அமுங்கும். கூரை கைக்கு எட்டினால் தட்டும் இடத்துக்கு அருகில் மறு கையின் விரல் நுனியை வையுங்கள். எட்டாவிட்டால் ஒரு கம்பை நிமிர்த்திக் கூரையில் முட்டவைத்துப் பிடியுங்கள். காதுக்குத் தெரியாத அதிர்வு கைக்குத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. பிளந்த பலகை மிகத் தடிமனாக இருந்தால் அதுவும் கணீரென்றே ஒலிக்கும். ஆகவே சத்தம் நன்றாக இருக்கிறது என்பதற்கு ‘மெல்லிய பொறுக்கு (பிளந்து தொங்கும் கல்) இல்லை’ என்பது மட்டுமே பொருள்.

பொறுக்கைத் தள்ளும்போது கடப்பாரையை வயிற்றுக்கு நேராகப் பிடிக்காமல் உடம்புக்குப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். கல் பாரில் வழுக்கி வந்தால் பாரின் பின்முனை பின்னோக்கிக் குத்தும். காலடியில் கேபிள், ஹோஸ், கட்டை எதுவும் இல்லாமல் ஓடும் வழியை முதலில் ஒதுக்கிவிட்டுத்தான் பாரைத் தூக்க வேண்டும். ஒரு கல்லை எடுத்ததும் மறுபடி தட்ட வேண்டும். அது தாங்கிக்கொண்டிருந்த பக்கத்துக் கல் இப்போது தனியாக நிற்கிறது. இந்த இரண்டாம் தட்டலைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

ரெசின் கணக்கு (போல்டிங் குழு)

தொடக்கப் பதிவில் சொன்ன ‘பிடிக்காத ரெசின்’ எங்கிருந்து வருகிறது என்பதை எண்களில் பார்க்கலாம். 22 மில்லிமீட்டர் போல்ட், 28 மில்லிமீட்டர் துளை, 1.8 மீட்டர் நீளம். கம்பிக்கும் துளைச் சுவருக்கும் நடுவே உள்ள வளைய இடைவெளியின் பரப்பு சுமார் 236 சதுர மில்லிமீட்டர். 24 மில்லிமீட்டர் ரெசின் குப்பியின் பரப்பு சுமார் 452. ஆகவே முழு நீளமும் நிரம்ப 94 சென்டிமீட்டர் குப்பி போதும்.

இப்போது துளை மட்டும் 30 மில்லிமீட்டராக அகன்றுவிட்டது என்று வையுங்கள். அதே 94 சென்டிமீட்டர் குப்பி 1.3 மீட்டர்தான் நிரப்பும். வாய்ப்பக்கம் அரை மீட்டர் வெறும் கம்பி! துளை அகலம் வெறும் 2 மில்லிமீட்டர்தான் மாறியது. கீழிருந்து பார்க்கிறவருக்குத் தட்டும் நட்டும் அழகாக உட்கார்ந்திருக்கும்.

துளை ஏன் அகலும்? வளைந்த துளைக்கம்பி ஆடிக்கொண்டே துளைக்கும். மென்மையான களிப்பாறையில் பிட்டின் (துளைக்கும் முனையின்) அளவைவிடத் துளை தானாகவே பெருக்கும். வேறு அளவு பிட் கைமாறி வந்துவிடுவதும் உண்டு. ஆழமும் அப்படியே. 5 சென்டிமீட்டர் கூடுதலாகத் துளைத்தால் அந்த வெற்றிடம் முழுத் துளைப் பரப்பிலும் ரெசினைக் குடித்துவிடும். போல்ட்டைச் சுற்றி ஏறக்குறைய 13 சென்டிமீட்டர் பிடிப்பு போய்விடும். துளைக்கம்பியில் ஆழத்துக்கு ஒரு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், அந்த நஷ்டம் அதோடு நிற்கும்.

போடும் முறை: துளையைக் கழுவி, சீக்கிரம் இறுகும் குப்பியை முதலில் உள்ளே தள்ளி, மெதுவாக இறுகுவதைப் பின்னால் வையுங்கள். போல்ட்டைச் சுழற்றிக்கொண்டே ஏற்றி, நுனி அடியைத் தொட்டதும் குப்பிப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் விநாடி வரை மட்டும் சுழற்றுங்கள். பிறகு அசையாமல் பிடித்திருக்க வேண்டும். இறுகின பிறகே நட்டை முறுக்கலாம். குறைவாகச் சுழற்றினால் பசையும் இறுக்கியும் கலக்காது. அதிகமாகச் சுழற்றினால் இறுக ஆரம்பித்த ரெசின் நொறுங்கி மாவாகும். குப்பியின் பிளாஸ்டிக் உறை கிழியாமல் கம்பியைச் சுற்றிக்கொள்வதும் உண்டு. விழுந்த போல்ட்டை எடுத்துப் பார்த்தால் அந்த உறை வழவழவென்று கையுறை போல ஒட்டியிருக்கும். சூடான இடத்தில் வைத்த குப்பி சொன்ன நேரத்துக்கு முன்பே இறுகிவிடும், போல்ட் பாதியில் நின்றுவிடும். நின்ற போல்ட்டை வெட்டிவிட்டுத் தட்டு மாட்டுவதைவிடப் பெரிய துரோகம் இந்த வேலையில் இல்லை. பக்கத்தில் புதுத் துளை போடுங்கள்.

மேலே உள்ளதற்குச் சேர்க்கை (பாறை இயக்கப் பொறியியல்)

முழு நீளம் ரெசின் போட்ட போல்ட்டை ஜாக் வைத்து இழுத்துப் பார்த்து ‘தேறிவிட்டது’ என்று எழுதுவதில் ஒரு பொறி இருக்கிறது. 500 மெகாபாஸ்கல் எஃகில் 22 மில்லிமீட்டர் கம்பி சுமார் 19 டன்னில் நெகிழத் தொடங்கும். வாய்ப்பக்கத்தில் அரை மீட்டர் நல்ல ரெசின் இருந்தாலே அந்தச் சுமையைப் பிடித்துவிடலாம். அதற்கு மேலே ரெசின் இருக்கிறதா என்பதை அந்தச் சோதனை சொல்லாது. பாறையின் பிடிப்பை அறிய, துளையின் மேல்முனையில் 300 மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் ரெசின் வைத்துத் தனியாக இழுத்துப் பார்க்க வேண்டும். அந்த போல்ட் சோதனைக்கு மட்டும்தான், தாங்கும் போல்ட் கணக்கில் சேராது.

டெல்டேல் (அதே பொறியியல் பக்கத்திலிருந்து)

டெல்டேல் என்பது கூரையின் அசைவைக் காட்டும் கருவி. இரண்டு உயர டெல்டேல் என்றால் கூரைக்குள் இரண்டு நங்கூரங்களும் வாயில் தொங்கும் இரண்டு வண்ணக் குழாய்களும்தான். ஒரு நங்கூரம் போல்ட்டின் நுனிக்குச் சற்றுக் கீழே, இன்னொன்று போல்ட் நீளத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் உயரத்தில். ஒன்று போல்ட் உயரத்துக்குள் நடக்கும் விரிசலைக் காட்டும், மற்றது அதற்கு மேலே நடப்பதைக் காட்டும்.

போல்ட் உயரத்துக்குள் அசைவு என்றால் ரெசினையும் போல்ட் அடர்த்தியையும் சந்தேகியுங்கள். மேலே அசைவு என்றால் அதே நீளத்தில் இன்னும் பத்து போல்ட் போட்டும் பயனில்லை. விரிசலைத் தாண்டிப் போகும் கேபிள் போல்ட் (நீண்ட எஃகு வடம்) வேண்டும், அதுவரை கீழே முட்டு வேண்டும். 1993 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பில்ஸ்தார்ப் சுரங்கத்தில் போல்ட் போட்ட காலரியில் கூரை சரிந்து மூவர் இறந்தார்கள். போல்ட் போட்டாகிவிட்டது என்பது மட்டும் காவல் ஆகாது.

படிக்கும்போது மொத்த அசைவைவிட வேகத்தைப் பாருங்கள். தோண்டிய முதல் சில நாட்களில் சில மில்லிமீட்டர் இறங்கி நின்றுவிடுவது இயல்பு. நின்றது மறுபடி நகர ஆரம்பித்தால்தான் அலாரம். முகப்பு நகர்ந்த பிறகு சாவகாசமாக டெல்டேல் மாட்டினால் முக்கியமான அசைவு முடிந்திருக்கும், கருவி பூச்சியத்தைக் காட்டி ஏமாற்றும்.

நாற்சந்தி

சுருக்கமாக. 6 மீட்டர் அகலக் காலரிகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் மூலைக்கு மூலை 8.5 மீட்டர். எந்திரம் திரும்ப வசதியாக ஒவ்வொரு தூணின் (கூரையைத் தாங்க வெட்டாமல் விட்ட கரியின்) மூலையையும் ஒரு மீட்டர் செதுக்கினால் அது 10 மீட்டரைத் தாண்டும். பக்கக் காலரியைத் திறப்பதற்கு முன்பே சந்திக்கான நீள போல்ட்டுகள் கூரையில் ஏறியிருக்க வேண்டும். முடிந்த இடத்தில் முச்சந்தியாக வடிவமையுங்கள்.

பாறை காட்டும் முகம் (நிலவியல்)

கூரையில் பளபளவென்று மெருகேறிய கோடு தெரிந்தால் அது வழுக்குப் பிளவு. ஒன்று மட்டும் இருந்தால் சமாளிக்கலாம். எதிரெதிராகச் சரிந்த இரண்டு பிளவுகள் கூரைக்குள் மேலே சந்தித்தால் நடுவில் உள்ளது ஓர் ஆப்பு, அதைத் தாங்க அடியில் எதுவும் இல்லை. போல்ட் பிளவைக் குறுக்கே கடந்து மறுபக்கத்துக் கெட்டிப் பாறையில் போய் நிற்க வேண்டும். பிளவுக்கு இணையாக ஏறும் போல்ட் வெறும் அலங்காரம்.

வட்டமாக, ஓரத்தில் மெல்லிய கரிப் பூச்சோடு ஒரு தழும்பு தெரிந்தால் உடனே விலகி நில்லுங்கள். அது புதைந்து கல்லான பழைய மரத்தின் அடிமரம். சுற்றியுள்ள கரிப் பூச்சு எண்ணெய் தடவியதுபோல வழுக்கும். சத்தம், விரிசல், தூசி எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அடைப்பான் கழல்வதுபோல விழும். அதன் நடுவில் துளைத்து அதையே தொந்தரவு செய்யாதீர்கள். இரு பக்கமும் நல்ல பாறையில் போல்ட் போட்டு, குறுக்கே எஃகுப் பட்டை கட்டித் தாங்குங்கள்.

காலரியின் ஒரே ஓரத்தில் மட்டும் கூரை நொறுங்கிப் பள்ளம் ஓடினால் போல்ட் போட்டவரைத் திட்டுவதற்கு முன் பாறைக்குள் இருக்கும் கிடைமட்ட அழுத்தத்தை நினையுங்கள். பெரிய கிடைமட்ட அழுத்தத்துக்கு இணையாக ஓட்டும் காலரி அமைதியாக இருக்கும், குறுக்கே ஓட்டுவது அடிபடும், சாய்வாக ஓட்டினால் ஒரு ஓரம் அடிபடும். எந்தத் திசைக் காலரியில் எந்த ஓரம் நொறுங்குகிறது என்று வரைபடத்தில் குறித்துக்கொண்டே வந்தால் சில மாதங்களில் அழுத்தத்தின் திசை தானாகத் தெரியும்.

களிப்பாறைக் கூரையில் ஒரு சின்னச் சோதனை: கட்டி ஒன்றை இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டு வையுங்கள். காலையில் சேறாகக் கிடந்தால், ஈரக்காற்று உள்ளே வரும் மாதங்களில் போல்ட்டுகளுக்கு நடுவே அந்தக் கூரை உதிரும். போல்ட் நீளம் அதற்கு மருந்தல்ல, வலை வேண்டும்.

தூண் கணக்கு (சர்வே)

கூரையைப் பற்றி எழுதும்போது தூணை மறந்துவிடுகிறோம். 200 மீட்டர் ஆழம், 20 மீட்டர் சதுரத் தூண், 6 மீட்டர் காலரி, 3 மீட்டர் உயரம் என்று எடுத்துக்கொள்வோம். மேல்பாரம் மீட்டருக்கு 0.025 மெகாபாஸ்கல் வீதம் 5. காலரிகளின் பங்கையும் தூண் சுமப்பதால் அதை (26/20)-இன் வர்க்கத்தால் பெருக்க வேண்டும், 8.45 ஆகும். தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் சலமோன், மன்ரோ இருவரும் 1967-இல் கொடுத்த சூத்திரப்படி தூணின் வலு சுமார் 13.8. வலுவைப் பாரத்தால் வகுத்தால் வரும் பாதுகாப்பு விகிதம் 1.6. நல்லது.

இப்போது ஒவ்வொரு பக்கமும் ஒரு மீட்டர் ‘சும்மா’ செதுக்கினால் விகிதம் 1.26. செதுக்காமல், கூரையில் விட்டு வைத்த கரியை எடுத்து உயரத்தை 4 மீட்டர் ஆக்கினால் 1.35. இரண்டையும் செய்தால் 1.04! தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே சின்ன மீறல்கள். தென்னாப்பிரிக்காவின் கோல்புரூக் சுரங்கத்தில் 1960 ஜனவரி 21 அன்று தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாக நொறுங்கி 400-க்கும் மேற்பட்டோர் புதைந்தார்கள். கூரைக் கரியை வெட்டி உயரம் கூட்டியது காரணங்களில் ஒன்று. அந்தச் சூத்திரம் பிறந்ததே அந்தத் துயரத்துக்குப் பிறகு நடந்த ஆய்வில்தான். ஒரு தூண் நொறுங்கினால் அதன் பாரம் அப்படியே பக்கத்துத் தூண்மேல் ஏறும். அதனால் செதுக்கிய தூணை வரைபடத்தில் பழைய அளவிலேயே விட்டுவைக்காதீர்கள். டேப் பிடித்து அளந்து திருத்துங்கள்.

தூண் எடுப்பும் மர முட்டும் (எடுப்புப் பகுதி)

முட்டின் தலையில் வைக்கும் பலகை முட்டைவிட அகலமாகவும் மென்மையான மரமாகவும் இருக்கட்டும். பாரம் ஏறும்போது அது முதலில் நசுங்கிக் காட்டும். அடிப்பகுதி உதிரிக் கரிமேல் நிற்கக்கூடாது, கெட்டித் தரை வரும்வரை தோண்டுங்கள். மரத்தை இன்னும் விரும்புவதற்கு ஒரு காரணம், அது உடைவதற்கு முன் முனகும். கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி அடுக்குக் கட்டை கட்டும்போது ஆப்பை நடுவில் மட்டும் அடிக்காமல் நான்கு மூலைகளிலும் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டைகள் சந்திக்கும் இடங்களில் பாரம் இறங்காது.

கரி எடுத்துக் காலியாக விட்ட இடமான கோஃப் பக்கத்தில் கூரை விழாமல் தொங்கிக்கொண்டே போனால் நிம்மதி வேண்டாம். தொங்கும் பரப்பு கூடக் கூட அதன் பாரம் முன்வரிசைத் தூண்களில் ஏறுகிறது. மொத்தமாக விழும்போது தள்ளும் காற்று ஆளையே தூக்கி எறியும். பக்கச் சுவரிலிருந்து கரி ‘பட் பட்’ என்று தெறிப்பது, கூரையிலிருந்து பொடி பொழிவது, புதிதாகத் தண்ணீர் சொட்டுவது, தட்டையாகிப்போன போல்ட் தட்டு, தலைப்பலகை நசுங்கிய முட்டுகள்: இவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தாலே எந்திரத்தை விட்டுவிட்டு ஆட்கள் வெளியே வர வேண்டும். கோஃப் ஓரத்து முட்டைக் கையால் தட்டிக் கழற்றாதீர்கள். நல்ல கூரைக்குக் கீழே நின்று சங்கிலி கட்டி, சில்வெஸ்டர் எனும் கைநெம்பு இழுவையால் தொலைவிலிருந்து இழுங்கள்.

போல்டிங் குழுவிடம் ஒரு வேண்டுகோள்

டெல்டேல் அளவை அதன் பக்கத்திலேயே சுண்ணாம்பில் தேதி, ஷிப்ட், மில்லிமீட்டர் மூன்றும் எழுதி வையுங்கள். பதிவேடு மேலே அலுவலகத்தில் இருக்கும். கீழே நிற்கிறவருக்கு நேற்று 4, இன்று 7 என்பது அந்த இடத்திலேயே கண்ணில் பட வேண்டும்.