கர்ட்டன் வண்டியில (பக்கச்சுவருக்குப் பதிலா திரை போட்ட லாரி) லோடு சாய்ஞ்ச அனுபவம், கடலூர் - பாண்டி ரூட்

கெடிலக்கரை
சிப்காட் பக்கம் டிஸ்பேட்ச்ல இருக்கிறவங்களுக்கு விளக்கம் தேவைப்படாது. 200 லிட்டர் டிரம், பல்லட்டுக்கு (ஃபோர்க்லிஃப்ட் தூக்குற மரத் தட்டு) நாலு, மேல ஸ்ட்ரெச் ஃபிலிம். ஏத்தி, திரையை இழுத்து, பக்கிள் மாட்டி, சீல் போட்டு அனுப்பியாச்சு. கடலூர் ஓ.டி. (பழைய டவுன்) தாண்டுறதுக்குள்ள டிரைவர் போன் பண்றாரு, “சார், இடது பக்கம் புடைச்சிருக்கு.”

பைக்ல போய்ப் பார்த்தா டிரம் விளிம்பு திரையில வளையல் அச்சு மாதிரி வட்டமா தெரியுது. ஒரு பல்லட்டே 900 கிலோ பக்கம் வரும். இவரு என்னடான்னா ஒரு கட்டையை எடுத்து, இறுகிப்போன பக்கிளைத் தட்டிக் கழட்டக் குனியிறாரு. அது கழண்டா டிரம் நேரா அவர் மேலதான். யோசிக்க நேரமில்ல, சட்டையைப் பிடிச்சு இழுத்தேன், பட்டன் தெறிச்சுது. அப்புறம் ஃபோர்க்லிஃப்ட் வரவழைச்சு, புடைச்ச பக்கத்துக்கு முட்டுக் கொடுத்து, எதிர்ப்பக்கத் திரையைத் திறந்து ஒவ்வொண்ணா இறக்கினோம்.

அந்த டிரைவர் இன்னும் என்கூட சரியா பேசுறதில்ல. நாலு பேர் முன்னாடி சட்டையைப் பிடிச்சுட்டேனாம். உங்க யாருக்காவது இப்படி நடந்திருக்கா?

ஸ்டியரிங்_சாமி
சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க டிஸ்பேட்ச். டிரம்மைக் கட்டாம அனுப்புனது யாரு? லோடு ஏத்துற ஷெட்டுக்குள்ள எங்களை விடுறதே இல்ல. வெளியில உட்கார வச்சு, பில்லைக் கையில கொடுத்து, “கிளம்பு”ம்பாங்க. உள்ள என்ன இருக்கு, எப்படி இருக்குன்னு திரைக்கு வெளியில இருந்து என்ன தெரியும்?

எனக்கு ரெட்டிச்சாவடிகிட்ட நடந்தது. இரும்பு பைப் கட்டு. வெயிட் ஆக்சில் மேல வரணும்னு கேபின் பக்கம் நாலடி காலியா விட்டு ஏத்தியிருந்தாங்க. பைக்ல புருஷன் பொண்டாட்டி, நடுவுல ஒரு குழந்தை, சைடு ரோட்டுல இருந்து பார்க்காம ஏறிட்டாங்க. பிரேக் அடிச்சேன். வண்டி நின்னுடுச்சு, பைப் நிக்கல. முதுகுக்குப் பின்னாடி சர்ர்ர்னு வந்து முன்பலகையில டமார்னு ஒரு இடி. சீட்டே ஆடுச்சு. பைக்காரர் திரும்பிக்கூட பார்க்காம போயிட்டாரு. இறங்கிப் பார்த்தா முன்பலகை கேபின் பக்கமா வளைஞ்சிருக்கு. அந்த சர்ர்ர் சத்தம் இன்னும் காதுல இருக்கு. கிரில் கடையில ஷட்டர் இழுத்தாக்கூட திரும்பிப் பார்க்கிறேன்.

பலாக்கொட்டை_பண்ருட்டி
இதுக்குத்தான் நான் திரை வண்டியே எடுக்கிறதில்ல. நம்ம ஓப்பன் பாடியில சுத்தி இரும்புப் பலகை இருக்கு, மேல தார்ப்பாய், குறுக்க கயிறு. பலாப்பழமோ முந்திரி மூட்டையோ, ஒண்ணும் வெளிய வராது. திரை வண்டிக்கு சைடுல என்ன இருக்கு? வெறும் துணி! ஃபோர்க்லிஃப்ட் ரெண்டு பக்கமும் வரணும், சீக்கிரம் ஏத்தணும்னு கம்பெனிக்காரன் கேட்கிறான். ஏத்துறவனுக்கு வசதி, ஓட்டுறவனுக்கு வினை.

பெல்ட்_கணக்கு
முதல்ல என் அனுபவம், சுருக்கமா: சேதராப்பட்டு எஸ்டேட்ல ஒரு வண்டி ரிவர்ஸ் எடுக்கும்போது திரை மேல் ரயில்ல இருந்து கிழிஞ்சு, டைல்ஸ் பெட்டி கொட்டுச்சு. வாட்ச்மேன் நாற்காலியை விட்டு எழுந்து டீ வாங்கப் போயிருந்தாரு. நாற்காலி நசுங்கிடுச்சு.

இப்போ விஷயத்துக்கு வரேன். பண்ருட்டி அண்ணன் சொன்னதுல பாதிதான் சரி. ஓப்பன் பாடி பலகையும் அதோட உயரம் வரைக்கும்தான் தாங்கும், அதுக்கு மேல அடுக்குனா கயிறுதான் கதி. மழையில நனைஞ்ச கயிறு தொய்யறது உங்களுக்கே தெரியும். ஸ்டியரிங் அண்ணே, உங்க கேஸ்ல அந்த நாலடி இடைவெளிதான் வில்லன். ஆக்சில் வெயிட் முக்கியம்தான், இல்லங்கல. ஆனா அந்த இடத்துல காலி பல்லட்டை செங்குத்தா அடுக்கி அடைச்சிருந்தா பைப்புக்கு ஓட இடமே இருந்திருக்காது.

ஐரோப்பாவுல ஈ.என். 12195-1ன்னு ஒரு தரம் இருக்கு. பிரேக் அடிச்சா லோடோட எடையில 0.8 பங்கு முன்னாடி தள்ளும், திருப்பத்துல 0.5 பங்கு பக்கவாட்டுல தள்ளும், பின்பக்கமும் 0.5ன்னு எடுத்துக்கச் சொல்லுது. ஒரு டன் பல்லட்னு வைங்க. திருப்பத்துல 500 கிலோ தள்ளுது. மரப் பல்லட்டுக்கும் தரைக்கும் உராய்வு 0.3ன்னா 300 கிலோதான் பிடிக்கும். மீதி 200ஐ யார் பிடிக்கிறது? திரையா?

சரி, மேல பெல்ட் போடுறோம். பெல்ட் லேபிள்ல 2500 டேன்னு (daN, ஒரு டேன் கிட்டத்தட்ட ஒரு கிலோ எடை தர்ற விசை) பார்த்துட்டு “ரெண்டரை டன் தாங்கும்”னு லோடுமேன் சொல்வாரு. அது பெல்ட் அறுபடாம தாங்குற அளவு. லோடை எவ்வளவு அழுத்துதுங்கறது வேற எண், எஸ்.டி.எஃப்.னு பக்கத்துலயே இருக்கும். சாதா ராட்செட்ல (பெல்ட்டை இறுக்குற கைப்பிடி) 300 சொச்சம்தான். ரெண்டு பக்கமும் சேர்த்து 600 அழுத்தம், உராய்வால பெருக்கினா 180 கிலோ. ஒரு பெல்ட் பத்தல! அதுவும் பெல்ட் செங்குத்தா இறங்கினா. தரைக்கு 30 டிகிரியில படுத்துப் போச்சுன்னா அதுலயும் பாதிதான்.

இப்போ அடியில ரப்பர் மேட் போடுங்க. உராய்வு 0.6. திருப்பத்தை மேட்டே சமாளிச்சுடும். பிரேக்குக்கு 200 பாக்கி, ஒரு பெல்ட் 360 கொடுக்கும். முடிஞ்சுது. தளத்துல தூசி, மணல், எண்ணெய் இருந்தா மட்டும் இந்தக் கணக்கு எல்லாம் போச்சு, அதனால தளத்தைப் பெருக்கிட்டு ஏத்துங்க. கிளம்பி கொஞ்ச தூரத்துல நிறுத்தி ராட்செட்டை மறுபடி இறுக்குங்க, லோடு உட்கார்ந்ததும் பெல்ட் தளர்ந்துடும்.

ஸ்டியரிங்_சாமி
கணக்கு நல்லா இருக்கு தம்பி. ராட்செட் இறுக்க ரோட்டோரம் நிறுத்துனா “ஏன் நிக்கிற”ன்னு ஓனர் ஜிபிஎஸ்ல பார்த்து போன் பண்றாரு. அதுக்கு எத்தனை டேன்?

திருபுவனை_ஆபீஸ்
நான் டிஸ்பேட்ச் பில்லிங்ல இருக்கேன், கண்ணாடி பாட்டில் அட்டைப்பெட்டி. எங்களுக்கு சாய்ஞ்சது வெளியில தெரியவே இல்ல. கஸ்டமர் குடோன்ல பின்கதவைத் திறந்ததும் தரை வழியா சொட்டு சொட்டா ஒழுகுது, ஜாம் ஃபேக்டரி வாசனை. ஏன்னா, உள்ளே இருந்தது பழ சிரப். பின்னாடி நாலு வரிசை உள்பக்கமா உட்கார்ந்துடுச்சு. டேமேஜ் கழிச்சுட்டாங்க, அதைவிட எறும்பு வந்துச்சுன்னு தனியா ஒரு மெயில்.

பெல்ட் போட்டாதான் நசுங்குதுன்னு லோடுமேன்கள் சொல்றாங்க. கூரையில தொங்குற பெல்ட்டை மட்டும் மாட்டிடறாங்க. அது போதாதா?

பெல்ட்_கணக்கு
மேடம், கூரையில தொங்குற பெல்ட்டை பிரிட்டனோட வழிகாட்டுதலே ஒரு பல்லட்டுக்கு 400 கிலோ வரைக்கும்தான் ஒத்துக்குது. கூரைக் கம்பி வளையும், அதுக்கு மேல நம்பக்கூடாது. அட்டைப்பெட்டிக்கு பெல்ட் படுற ஓரத்துல எல் வடிவ அட்டை மூலை வைங்க, மேல ஒரு பிளைவுட் பலகை வச்சு அதுக்கு மேல பெல்ட் போடுங்க. அழுத்தம் பரவிடும்.

வில்லியனூர்_வாண்டு
எங்க கம்பெனி வண்டி வேற லெவல். ஐரோப்பிய பாடி, எக்ஸ்.எல். ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. அந்தத் திரையே லோடைத் தாங்கும்னு விக்கிறவரு சொன்னாரு. பெல்ட்டே வேண்டாம்.

கெடிலக்கரை
தம்பி, விக்கிறவரு சொன்னதை வச்சு பெல்ட்டைக் கழட்டாதீங்க. ஈ.என். 12642ங்கறது வண்டி பாடியோட பலத்துக்கான ஐரோப்பிய தரம். அதுல எக்ஸ்.எல். பாடின்னா பக்கச்சுவர் ஏத்துற எடையில 40 சதவீதம் தாங்கும்னு சோதிச்சது, முன்பக்கம் 50, பின்பக்கம் 30. ஆனா அதுக்கு பக்கவாட்டுல இடைவெளி இல்லாம லோடு அடைசலா இருக்கணும், நடுவுல மாட்டுற பலகையெல்லாம் இருக்கணும், சான்றிதழும் வண்டியில இருக்கணும். நீங்க பாதி லோடு ஏத்தி, பலகையை குடோன்ல கழட்டி வச்சுட்டு வந்தீங்கன்னா ஸ்டிக்கர் தாங்காது.

வில்லியனூர்_வாண்டு
பலகை ஏற்கனவே கொசுவலைக் கட்டில் ஆயிடுச்சு சார் 😅 நாளைக்கு சான்றிதழ் இருக்கான்னு பார்த்துட்டு சொல்றேன்.

திருபுவனை_ஆபீஸ்
நன்றி அண்ணா. ரப்பர் மேட் பாண்டி மேட்டுப்பாளையம் லாரி டெர்மினல் பக்கம் கிடைக்குமா, இல்ல சென்னையிலதான் வாங்கணுமா? யாராவது வாங்கியிருந்தா விலை சொல்லுங்க. ஓனர்கிட்ட சிரப் கணக்கோட சேர்த்து காட்டணும்.