மார்க்கோருக்குத் தமிழ்ப்பெயர்: பாம்புண்ணி வேண்டாமே

வணக்கம் நண்பர்களே,

பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கத்து மலைகளில் வாழும் காட்டு ஆடான மார்க்கோரை நம் கட்டுரையில் ‘பாம்புண்ணி ஆடு’ என்று எழுதலாம் என்ற பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. பாரசீகத்தில் மார் என்றால் பாம்பு, கோர் என்றால் தின்பது, அதுவரை சரி. ஆனால் இது புல்லும் தழையும் தின்கிற விலங்கு. பாகிஸ்தானின் சித்ரால் பக்கம் கருவாலி மரக்கிளை மேலேயே ஏறி நின்று இலை கடிக்கும். பாம்பைக் கொன்று தின்னும், அசைபோடும்போது ஒழுகும் நுரை தரையில் இறுகினால் அது பாம்புக்கடி விஷத்தை எடுக்கும் என்பதெல்லாம் அந்த மலை மக்களின் கதை. கதையைக் கட்டுரையில் சொல்லுவோம், பெயரிலேயே ஏற்றிவிட்டால் பள்ளிப்பிள்ளைகள் உண்மை என்றே படிப்பார்கள். அப்புறம், ஆட்டோடு உண்ணியைச் சேர்த்தால் நம் ஊரில் நினைவுக்கு வருவது காதுமடலில் ஒட்டிக்கொண்டிருக்கும் பூச்சிதான்.

பாம்பு எங்கிருந்து வந்தது என்பதற்கு இன்னொரு விளக்கமும் உண்டு, சுருண்ட பாம்பு போன்ற கொம்பு. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. கிடாவின் கொம்பு 160 செ.மீ. வரை வளரும். பாகிஸ்தானின் சுலைமான் மலைக் கிடாவுக்கு நேராக நிமிர்ந்து திருகாணிப் புரி மாதிரி இறுக்கமாகச் சுற்றியிருக்கும், வடக்கே அஸ்தோர் பள்ளத்தாக்குப் பக்கத்துக் கிடாவுக்கு இரண்டு பக்கமும் அகல விரிந்து தளர்வாகச் சுற்றும். எப்படி இருந்தாலும் திருகல் மாறாது.

‘காஷ்மீர் வரையாடு’ என்ற பெயரும் வேண்டாம். வரையாடு நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு உரியது, பேரினமே வேறு. மார்க்கோர் வெள்ளாட்டின் பேரினம், எனவே ‘ஆடு’ என்பதே பொருத்தம். சங்கப் பாட்டின் ‘திரிமருப்பு இரலை’யை (முறுக்கிய கொம்புள்ள மான்) நினைத்துத் ‘திரிமருப்பு ஆடு’ என்று வைக்க எனக்கு ஆசைதான், ஆனால் இன்றைக்குத் திரி என்றால் மூன்று என்று நினைத்துவிடுவார்கள்.

ஆகவே என் பரிந்துரை ‘திருகுகொம்பு ஆடு’. வினைத்தொகை என்பதால் நடுவில் க் வராது. முதல்முறை எழுதும்போது பக்கத்தில் மார்க்கோர் என்றும் போட்டுவிடலாம். அந்தக் கொம்புக்காகத்தான் இதைச் சுட்டுத் தீர்த்தார்கள். பாகிஸ்தானில் உரிமத்தோடு நடக்கும் வேட்டையின் கட்டணத்தில் 80 விழுக்காடு ஊர்களுக்கே போவதால் இப்போது ஊர்க்காரர்களே காவல் இருக்கிறார்கள், 2015இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் (IUCN) செம்பட்டியலில் அருகிய இனம் என்ற நிலையிலிருந்து இரண்டு படி மேலே, அச்சுறு நிலையை அண்மித்த இனம் என்ற நிலைக்கு வந்தது. இதையும் கட்டுரையில் சேர்க்க வேண்டும்.

‘திருகுகொம்பன்’ அழகாக இருக்கிறது, ஆனால் கொம்பன் என்றால் யானை. பெண்ணாட்டுக்கும் 25 செ.மீ. அளவில் கொம்பு உண்டு, அதை எப்படிக் கொம்பன் என்பது?