உதவி: பந்து போடும்போது தோள் வலி, பேண்ட் (இழுக்கிற ரப்பர் பட்டை) பயிற்சி செய்தும் குறையலை

வலதுகை_வேகம்
ஒரு மாசமா பந்து போட்டா தோள்ல சுருக்குன்னு பிடிக்குது. தினமும் பேண்ட் செய்றேன், பிரயோஜனம் இல்லை. ஞாயிறு மேட்ச் இருக்கு. சீக்கிரம் சொல்லுங்க.

தசைநார்
தோள்ல எங்க? முன்னாடியா, பின்னாடியா? கை மேல போகும்போதா, பந்தை விட்டப்புறம் கை கீழ வரும்போதா? அந்தப் பக்கம் படுத்தா ராத்திரி வலிக்குதா? விரல் மரத்துப்போகுதா? பேண்ட்ல என்ன செய்றீங்க? வாரத்துக்கு எத்தனை பந்து?

மூத்தவன்
தம்பி, மேல பின் பண்ணி வச்ச இழையைப் படிச்சிட்டுக் கேட்கிற பழக்கமே உங்களுக்கெல்லாம் கிடையாது. "பேண்ட் செய்றேன்"னா "சாப்பிடுறேன்"னு சொல்ற மாதிரி. என்ன சாப்பிட்டீங்கன்னு யாருக்குத் தெரியும்?

கர்லாப்பிரியன்
பேண்டைத் தூக்கிப் போடுங்க. சின்ன கர்லாக்கட்டை, 2 கிலோ போதும். தலைக்குப் பின்னாடி சுத்துங்க, பக்கத்துக்கு 20. தோள் தானா இளகும்.

வலதுகை_வேகம்
பின்பக்கம். பந்தை விட்டப்புறம்தான். ராத்திரி வலி இல்லை, மரத்தும் போகலை. பேண்டைக் காலால மிதிச்சு கையை நேரா முன்னாடி தூக்குறது, 50 தடவை.

தசைநார்
தப்பே அதுதான். நீங்க செய்றது தோளோட முன்தசைக்கு வேலை. வேகமா சுத்தின கையை நிறுத்துறது தோள்பட்டை எலும்புக்குப் பின்னாடி இருக்கிற சின்ன தசைகள், ரொட்டேட்டர் கஃப்போட பின்பகுதி. முன்பக்கத்தையே பலப்படுத்திட்டு பிரேக்கை விட்டுட்டீங்க.

முழங்கையை 90 டிகிரி மடக்கி விலாவோட ஒட்டி வைங்க. நடுவுல சுருட்டின டவல் ஒண்ணு. அது நழுவினா முழங்கை விலகிடுச்சு, பெரிய தசை வேலையைப் பிடுங்கிக்கிச்சுன்னு அர்த்தம். பேண்டை வெளிப்பக்கம் இழுங்க, திரும்பி வரும்போது 3 நொடி எடுத்துக்கங்க. அந்தத் திரும்பி வர்றதுதான் உங்களுக்கு மருந்து. 12 தடவை, 3 சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். 50 தடவை அலுக்காம வருதுன்னா பேண்ட் ரொம்ப லூசு.

இழுக்கும்போதே வலிச்சா, கதவு நிலையில புறங்கையை வச்சு அசையாம தள்ளுங்க, 30 நொடி, 5 தடவை. கூடவே தண்டால்ல மேல வந்ததும் முதுகை இன்னும் கொஞ்சம் கூரைப் பக்கம் தள்ளுங்க. தோள்பட்டை எலும்பைப் பிடிச்சு வைக்கிற தசைக்கு அது.

முன்கால்
எல்லாரும் தோளையே பார்க்கிறீங்க. வலதுகைக்காரர் இறங்குறது இடது கால்ல. அங்க இடுப்பு தொய்ஞ்சா உடம்போட வேகம் கைக்கு ஒழுங்கா வராது, மிச்சத்தைத் தோள் இழுத்துப் போடும். 20 செ.மீ. படியில இடது கால்ல நின்னு, வலது குதிகாலை மெதுவா தரைக்குக் கொண்டுபோங்க, 5 தடவை. முன்னாடி இருந்து போன்ல படம் எடுங்க. முட்டி உள்பக்கம் விழுதா, வலது இடுப்பு கீழ சரியுதா?

சரிஞ்சா, வலப்பக்கம் ஒருக்களிச்சுப் படுத்து, முதுகையும் இடது குதிகாலையும் சுவத்துல ஒட்டி, அந்தக் காலைச் சுவத்தோட உரசியே தூக்குங்க. கால்விரல் கூரையைப் பார்க்கக் கூடாது, பார்த்தா தொடையோட முன்பக்கம் வேலையை எடுத்துக்கும். அப்புறம் சைடு பிளாங்க் (ஒருபக்கமா முழங்கையை ஊன்றி உடம்பை நேரா தூக்கிப் பிடிக்கிறது), 20 நொடியில ஆரம்பிங்க.

கர்லாப்பிரியன்
நம்ம ஊர் பொருளைச் சொன்னா கண்டுக்க மாட்டீங்க. ஒலிம்பிக்லயே கர்லா சுத்துற போட்டி இருந்துச்சு, தெரியுமா?

மூத்தவன்
1904லயும் 1932லயும். அதே ரெண்டு ஒலிம்பிக்லயும் கயிறு ஏறுற போட்டியும் இருந்துச்சு. அவரைத் தென்னைமரம் ஏறச் சொல்வோமா?

தசைநார்
கர்லா மேல குறை இல்லை, நேரம்தான் சரியில்லை. சுத்துற கட்டையை நிறுத்துறதும் இப்ப வலிக்கிற அதே தசைதான். வலி போனப்புறம் 1 கிலோவுல, மெதுவா, ஆரம்பிக்கலாம்.

கர்லாப்பிரியன்
வாத்தியார் கிட்ட முறையா கத்துக்கிட்டா கட்டையை யாரும் நிறுத்துறதே இல்லை, அது ஓடிட்டே இருக்கும். பேண்ட்காரங்களுக்குப் புரியாது.

முன்கால்
அந்தச் சண்டைக்குத் தனி இழை திறங்க. வலதுகை_வேகம், வாரத்துக்கு எத்தனை பந்துன்னு முதல்லயே கேட்டாங்க, பதிலே இல்லை.

வலதுகை_வேகம்
முன்னாடி ஞாயிறு மட்டும் 4 ஓவர். போன மாசம் கேம்ப்ல சேர்ந்தேன், வாரத்துல 6 நாள் நெட்ஸ், தினம் 10 ஓவர். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

தசைநார்
24 பந்துல இருந்து 360. இதை முதல் வரியிலயே சொல்லியிருக்கணும்! எந்தப் பயிற்சியும் ஒரே வாரத்துல 15 மடங்கைத் தாங்க வைக்காது. ஞாயிறு ஆடாதீங்க. வலி இல்லாம டவல் பயிற்சி வந்ததும் வாரத்துல 3 நாள், அடுத்தடுத்த நாள் இல்லாம, தடவைக்கு 24 பந்து, பாதி வேகம். மறுநாள் காலையில வலி கூடலைன்னா மட்டும் 6 பந்து ஏத்துங்க. 2 வாரத்துல மாற்றமே இல்லைன்னா, இல்லை கையைத் தூக்கவே பலம் குறைஞ்சா, நேர்ல காட்டுங்க.

மூத்தவன்
இதுக்குத்தான் பின் பண்ணின இழையைப் படிக்கச் சொல்றது.

வலதுகை_வேகம்
படம் எடுத்தேன், முட்டி உள்ள போகுது. ஞாயிறு வரலைன்னு சொல்லிட்டேன். நன்றி.

முன்கால்
முட்டி மட்டுமா, இடுப்பும் சரியுதா? வலது கால்லயும் எடுத்துப் பார்த்தீங்களா?

கர்லாப்பிரியன்
1 கிலோ கட்டை எங்க கிடைக்கும்னு கேட்டா சொல்றேன்.