ரெண்டு நோட் கிளஸ்டருக்கு ஃபென்சிங் வேண்டாம் என்று எழுதியவர் கவனத்துக்கு

நள்ளிரவு_டிபிஏ:
எந்தக் குழுவைத் திறந்தாலும் அந்த நிறுவல் குறிப்புதான் கண்ணில் படுகிறது. ரெண்டு சர்வர் (நோட்), ஒன்று விழுந்தால் சேவையை மற்றதில் ஏற்றும் பேஸ்மேக்கர், நோட்களுக்கிடையே தொடர்பு பார்க்கும் கோரோசிங்க், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸைப் பிரைமரியிலிருந்து ஸ்டாண்ட்பைக்கு உடனுக்குடன் நகலெடுக்கும் ஸ்ட்ரீமிங் ரெப்ளிகேஷன். அதுவரை சரி. நடுவில் ஒரு வரி: "ஸ்டோனித்-எனேபிள்டு=ஃபால்ஸ் என்று வைத்துவிடுங்கள். ரெப்ளிகேஷன் சிங்க் முறையில் ஓடுவதால் ஃபென்சிங் தேவையில்லை." பதில் சொல்லாத நோட்டை வலுக்கட்டாயமாக அணைத்து, அது இனி எழுதாது என்று உறுதிசெய்வதுதான் ஃபென்சிங்; ஸ்டோனித் என்பதும் அதுவே. அது வேண்டாம் என்ற வரியை நம்பி எத்தனை பேர் ப்ரொடக்‌ஷனில் போட்டிருக்கிறார்களோ என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. எழுதியவர் இங்கேதான் இருக்கிறார். வந்து பதில் சொல்லட்டும்.

கதிர்_லினக்ஸ்:
எழுதியது நான்தான், ஓடி ஒளியவில்லை. சிங்க் என்றால் ஸ்டாண்ட்பை "வாங்கிக்கொண்டேன்" என்று சொல்லாமல் கமிட் முடியாது. லிங்க் அறுந்தால் பழைய பிரைமரியில் எல்லாக் கமிட்டும் அப்படியே தொங்கும். அப்புறம் ரெண்டு பக்கமும் தானே பிரைமரி என்று எழுதும் ஸ்ப்ளிட் பிரெய்ன் எங்கிருந்து வரும்? ஃபென்சிங் போட்டவர்கள் கதையும் எனக்குத் தெரியும். நோட்டை வெளியிலிருந்து அணைக்கப் பயன்படும் ஐபிஎம்ஐ கார்டு ஓடுவதும் அதே சர்வரின் மின்சாரத்தில்தான். பவர் போனால் கார்டும் போச்சு. மிச்சமிருக்கும் நோட் "சுட்டேன், பதில் இல்லை" என்று திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே இருக்கும், டேட்டாபேஸ் மேலே வரவே வராது. முன்பு வேலை பார்த்த இடத்தில் கண்ணால் பார்த்தவன் நான்.

நள்ளிரவு_டிபிஏ:
நீங்கள் சொல்வது வெறும் போஸ்ட்கிரெஸுக்குச் சரி. ஆனால் உங்கள் குறிப்பிலேயே ஓடுவது ஓசிஎஃப் ஹார்ட்பீட் பிஜிஎஸ்க்யூஎல் ஏஜென்ட் (பேஸ்மேக்கருக்காக போஸ்ட்கிரெஸை ஏற்றி இறக்கும் ஸ்கிரிப்ட்), ரெப்_மோட் சிங்க். அந்த ஏஜென்ட்டைத் திறந்து ஒருமுறையாவது படித்தீர்களா? ஸ்டாண்ட்பை காணவில்லை என்றதும் அதுவே, கமிட்டுக்கு யாருடைய பதிலுக்குக் காத்திருக்க வேண்டும் என்று சொல்லும் சின்க்ரனஸ்_ஸ்டாண்ட்பை_நேம்ஸ் மதிப்பைக் காலி செய்து ரீலோட் கொடுத்துவிடும். ஸ்டாண்ட்பை விழுந்தால் சேவை நிற்கக் கூடாது என்பதற்காகவே அப்படி எழுதியிருக்கிறார்கள். அதாவது, நீங்கள் நம்பியிருக்கும் அந்த சிங்க், லிங்க் அறுந்த சற்று நேரத்திலேயே கழன்றுவிடும்.

இப்போது பாருங்கள். டூ_நோட்: 1 போட்டிருக்கிறீர்கள், அதனால் ரெண்டு பக்கமும் தன்னிடம் கோரம் (முடிவெடுக்கத் தேவையான ஓட்டு) இருப்பதாகவே நினைக்கும். இந்தப் பக்கம் பழைய பிரைமரி தனியாக எழுதுகிறது. அந்தப் பக்கம் ஸ்டாண்ட்பை ப்ரமோட் ஆகி, டைம்லைன் (எழுத்து வரலாற்றின் கிளை) மாறி, அதே விஐபியை (பயன்பாடுகள் இணையும் பொது ஐபி முகவரியை) அங்கேயும் ஏற்றி எழுதுகிறது. லிங்க் திரும்பியதும் ஒரு பக்கத்தை பிஜி_ரீவைண்ட் மூலம் பின்னிழுத்து மற்றதோடு ஒத்துப்போகச் செய்ய வேண்டும். அந்தப் பக்கம் வந்த கமிட் எல்லாம் தண்ணீரில் போட்டதுதான். எந்த வாடிக்கையாளரின் பணத்தை அழிக்கலாம் என்று நீங்களே சொல்லுங்கள்.

பொன்னி_டெவ்ஆப்ஸ்:
இன்னுமா பேஸ்மேக்கர்? போஸ்ட்கிரெஸ் ஃபெயிலோவருக்கு பேட்ரோனி, யார் லீடர் என்ற கீயை வைத்திருக்க மூன்று எட்சிடி நோட். லீடர் கீயைப் புதுப்பிக்க முடியாவிட்டால் பிரைமரி தானாகவே இறங்கிவிடும். வேலை முடிந்தது.

கதிர்_லினக்ஸ்:
மூன்றாவது சர்வருக்கு உங்கள் வீட்டிலிருந்து காசு அனுப்புகிறீர்களா மேடம்?

நள்ளிரவு சாருக்கு: கோரோசிங்கில் ரெண்டு லிங்க், ரெண்டும் வேறு வேறு ஸ்விட்ச். ரெண்டும் ஒரே நொடியில் அறுமா? இன்னொன்று, பேஸ்மேக்கரை உருவாக்கும் கிளஸ்டர்லேப்ஸின் சொந்தக் கையேட்டிலேயே ஸ்டோனித்-எனேபிள்டு=ஃபால்ஸ் இருக்கிறது. அவர்களையும் போய்த் திட்டுங்கள்.

நள்ளிரவு_டிபிஏ:
அந்தக் கையேட்டைப் பாதியில் மூடிவைத்தால் அப்படித்தான் தெரியும். ஆரம்பத்தில் பழகுவதற்காக அணைக்கிறார்கள், ப்ரொடக்‌ஷனில் இப்படி வைக்காதீர்கள் என்று அங்கேயே எச்சரிக்கிறார்கள். பிறகு ஃபென்சிங் அத்தியாயத்தில் ட்ரூ என்று மாற்றுகிறார்கள். ஃபென்சிங் அணைத்த கிளஸ்டருக்கு ரெட் ஹேட் சப்போர்ட்டே தருவதில்லை.

உங்கள் ஐபிஎம்ஐ பிரச்சினை உண்மைதான், அதற்கு வழியும் இருக்கிறது. ஃபென்சிங் டோபாலஜியில் முதல் படி ஐபிஎம்ஐ, அது தோற்றால் ரெண்டாவது படி பிடியூ (மின்சாரம் பகிரும் பெட்டி). நோட்டுக்குப் போகும் கரண்டையே வெளியிலிருந்து வெட்டும். இதைச் செய்யாமல் ஃபென்சிங்கையே தூக்கி எறிவது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது.

நீங்கள் பேசாமல் விட்டது ஒன்று: ரிசோர்ஸை (டேட்டாபேஸ் போன்ற சேவையை) நிறுத்தும் ஸ்டாப் தோற்றால் என்ன ஆகும்? ஃபென்சிங் இருந்தால் பேஸ்மேக்கர் அந்த நோட்டை அணைத்துவிட்டு அடுத்ததில் ஏற்றும். இல்லாவிட்டால் அதன் இயல்பு நடத்தை பிளாக். ரிசோர்ஸை அங்கேயே விட்டுவிடும், எங்கும் நகராது. டேட்டாபேஸ் மேலே வராமல் போகும் என்று பயந்தீர்கள். உங்கள் வரியே அதைத்தான் செய்கிறது.

பொன்னி, பேட்ரோனி ப்ராசஸே தொங்கி நின்றால் போஸ்ட்கிரெஸை யார் இறக்குவார்கள்? அதற்குத்தான் அவர்களே, ப்ராசஸ் தொங்கினால் சர்வரை ரீபூட் செய்யும் வாட்ச்டாக் வைத்திருக்கிறார்கள். நீங்கள் அதைப் போட்டீர்களா?

பொன்னி_டெவ்ஆப்ஸ்:
போட்டோமா இல்லையா என்று உங்களிடம் ஒப்புவிக்க வேண்டுமா? முன்பு பேசியபோதும் இப்படித்தான், எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்துக் கேள்வி கேட்டீர்கள். கிட்ஹப் கதை தெரியுமா? 2018 அக்டோபர் 21, அவர்களுடைய அமெரிக்கக் கிழக்குக் கரை டேட்டா சென்டருக்கு 43 நொடி இணைப்பு இல்லை. தானியங்கி ஃபெயிலோவர் கருவியான ஆர்கெஸ்ட்ரேட்டர் மேற்குக் கரையில் மைஎஸ்க்யூஎல் பிரைமரியை ஏற்றிவிட்டது. ரெண்டு பக்கமும் மற்றதில் இல்லாத எழுத்துகள். சரியாக 24 மணி 11 நிமிடம் சேவை தடுமாறியது.

கதிர்_லினக்ஸ்:
பார்த்தீர்களா! ராஃப்ட் என்ற ஒப்புதல் முறை வைத்து, பெரும்பான்மை பார்த்துத்தான் ஆர்கெஸ்ட்ரேட்டர் முடிவெடுத்தது. அவர்களுக்கே அந்த நிலை. என் ரெண்டு நோட்டுக்கு மட்டும் ஃபென்சிங் வந்து என்ன கிழித்துவிடும்?

நள்ளிரவு_டிபிஏ:
பழைய பிரைமரி செத்துவிட்டது என்று உறுதியாகாமல் புதியதை ஏற்றினால் 43 நொடி போதும், அதைத்தானே நானும் இவ்வளவு நேரமாகச் சொல்கிறேன்?

புதுசு_2:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கதிர் அண்ணன் குறிப்பைப் பார்த்துத்தான் போட்டேன். பவர் போய் வந்த பிறகு பழைய பிரைமரி ஸ்டார்ட் ஆகவில்லை. பிஜிஎஸ்க்யூஎல்.லாக் என்ற பூட்டுக் கோப்பு இருக்கிறது என்று லாக் பதிவில் வருகிறது. அண்ணன் எழுதியபடி பூட் ஆகும்போதே அந்தக் கோப்பைத் தானாக அழிக்கும் கிரான் வரியைப் போடலாமா?

நள்ளிரவு_டிபிஏ:
போடாதீர்கள்! பிரைமரி ஒழுங்காக நிற்காமல் விழுந்தால் அந்தக் கோப்பு மிச்சமாகிவிடும். இங்கே இருக்கும் டேட்டா பழையதாக இருக்கலாம், பார்த்துவிட்டு ஏற்று என்று ஏஜென்ட் தடுக்கிறது. முதலில் இந்த நோட்டைப் புதுப் பிரைமரியிலிருந்து பேஸ்பேக்கப் (முழு நகல்) எடுத்து சரிசெய்யுங்கள், கோப்பை அதற்குப் பிறகு அழியுங்கள். கதிர், இதையும் கிரானில் போட்டு அழிக்கச் சொல்லியிருக்கிறீர்களா? மிச்சமிருந்த ஒரே காவலையும் எடுத்துவிட்டீர்கள்.

கதிர்_லினக்ஸ்:
அந்தக் கிரான் வரி டெஸ்ட் சர்வருக்கு. நீங்கள் பேசுவதைப் பார்த்தால் இந்த ஊரில் உங்களைத் தவிர யாரும் கிளஸ்டரே கட்டியதில்லை போலிருக்கிறது. இதுவரை நான் கட்டிய எதிலும் ஒரு ரோ கூடத் தொலைந்ததில்லை.

நள்ளிரவு_டிபிஏ:
தொலைந்ததா என்று எப்படித் தெரியும்? ரீவைண்ட் செய்தபின் அழிந்த பக்கத்தை யார் தேடினார்கள்? சரி, பேச்சு வேண்டாம். டெஸ்டிலேயே போடுங்கள். ஒரு நோட்டில் ஃபயர்வால் வைத்து கோரோசிங்க் போக்குவரத்து, போஸ்ட்கிரெஸின் 5432 போர்ட் ரெண்டையும் மறித்துவிட்டு, ரெண்டு பக்கமும் கிளஸ்டர் நிலையைக் காட்டும் சிஆர்எம்_மான் -ஏ ஓட்டி வெளியீட்டை இங்கே ஒட்டுங்கள். ரெண்டிலும் பிஜிஎஸ்க்யூஎல்-ஸ்டேட்டஸ் பிஆர்ஐ (பிரைமரி) என்று வந்து நிற்கும்.

கதிர்_லினக்ஸ்:
உங்களுக்காக நான் ஏன் ஃபயர்வால் வைக்க வேண்டும்? நிஜத்தில் ரெண்டு லிங்கும் அப்படி அறாது என்கிறேன், நீங்கள் கையால் அறுத்துக் காட்டு என்கிறீர்கள். குறிப்பு அப்படியேதான் இருக்கும்.

பொன்னி_டெவ்ஆப்ஸ்:
மூன்றாவது நோட் விலையை யாரோ கேட்டார்களே. எட்சிடிக்குச் சின்ன விஎம் போதும் கதிர்.

நள்ளிரவு_டிபிஏ:
மூன்றாவது ஓட்டு வேறு, ஃபென்சிங் வேறு, பொன்னி. கதிர், வெளியீட்டை ஒட்டுங்கள்.