தீபாவளி நகர்கிறது, வரைபடம் குழப்புகிறது: வழி சொல்லுங்கள்

நண்பர்களே, வணக்கம். ஈரோட்டில் மாமாவின் ஜவுளிக் கடையில் மூன்று வருட பில் கணக்கை எக்செல்லில் திரட்டி, பவர் பிஐ என்ற வரைபட மென்பொருளில் மாதவாரியாக வரைந்தேன். 2024 நவம்பர் பட்டையைப் பார்த்ததும் மாமா, "வியாபாரம் படுத்துவிட்டது, சரக்கைக் குறைத்துவிடலாம்" என்றார். நானும் முதலில் நம்பிவிட்டேன்!

பிறகுதான் உறைத்தது. தீபாவளி 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. விற்பனை விழவில்லை, மாதம்தான் மாறியிருக்கிறது. இப்போது கீழ் அச்சில் தேதிக்குப் பதிலாக "தீபாவளிக்கு எத்தனை நாள் முன்" என்று வைத்தேன். மூன்று கோடுகளும் ஏறக்குறைய ஒன்றின்மேல் ஒன்று படிந்துவிட்டன. மாமாவுக்கே முகம் மலர்ந்தது.

2026இல் பண்டிகை நவம்பர் 8. கொள்முதலை இதை வைத்து முடிவு செய்யலாமா? பைத்தான் நிரல்மொழியில், வரப்போகும் விற்பனையைக் கணிக்க உதவும் ப்ராஃபெட் என்ற நிரல் தொகுப்பு பண்டிகை நாள்களைத் தனியாகச் சேர்க்க விடுகிறது. ஆனால் கையில் இருப்பது மூன்றே தீபாவளி. அது போதுமா, அல்லது இந்தக் கோடுகளின் சராசரியே மேலா?

இன்னொரு தலைவலி: சில அளவுச் சட்டைகள் பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே தீர்ந்துவிடுகின்றன. அதன் பிறகு விற்பனை பூஜ்யம். கேட்பாரில்லாத பூஜ்யமும் சரக்கில்லாத பூஜ்யமும் வரைபடத்தில் ஒன்றுபோலவே தெரிகின்றன. தினசரி இருப்புக் கணக்கு 2025க்கு மட்டும்தான் உண்டு. முந்தைய வருடங்களுக்கு இதை எப்படிப் பிரிப்பது? கடைக் கணக்கில் கைவைத்து அனுபவப்பட்டவர்கள் சொன்னால் பெரிய உதவி. ஆகஸ்டில் ஆர்டர் கொடுத்தாக வேண்டும்.