நுளம்பு சிலரை மட்டும் தேடிக் கடிப்பது ஏன்? கிரந்தி (தடிப்பு, சொறிச்சலைக் கொண்டுவரும்) என்று ஒதுக்கும் சாப்பாட்டுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? உங்கள் அனுபவங்கள்

உப்புவெளி அம்மா:

கார்த்திகை மழை விட்ட ஒரு பின்னேரம். பிள்ளைகள் இரண்டு பேரும் விறாந்தையில் ஒரே பாயில் இருந்து படித்தார்கள். மூத்தவனுக்கு ஒன்றுமில்லை. சின்னவளுக்குக் கணுக்கால் முழுக்கக் கடி, ஒன்று கண்ணுக்குக் கீழே. விடியும்போது அந்தக் கண்ணைத் திறக்க முடியவில்லை. காலில் ஒவ்வொரு கடியும் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து சூடாக இருந்தது.

அன்று மத்தியானம் நண்டுக் குழம்பு. மாமி பிள்ளைக்கு முன்னால் இருந்த கோப்பையை எடுத்து அப்பால் வைத்துவிட்டார். "நண்டு, இறால், கணவாய், கத்தரிக்காய் எல்லாம் கிரந்தி. அதுதான் நுளம்பும் இவளைத் தேடி வருகிறது, கடித்ததும் வீங்குகிறது" என்றார். பிள்ளை அழவில்லை. அண்ணன் நண்டுக்கால் உடைத்துச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே பருப்பும் சோறும் சாப்பிட்டாள். அது எனக்கு இன்னும் மனதுக்குள் கிடந்து அரிக்கிறது. அதன் பிறகு அவளுக்குக் கடல் சாப்பாடு ஒன்றும் கொடுக்கவில்லை. நுளம்புக் கடி குறையவும் இல்லை.

இப்படி உங்கள் வீட்டில் யாருக்காவது நடந்ததா?

தம்பலகாமத்தான்:

எங்கள் வயல் வாடியில் பன்றிக் காவல். நானும் கூட்டாளியும் பக்கத்துப் பக்கத்தில் சாரத்தோடு படுத்திருந்தோம். நடுச்சாமத்தில் சத்தம் கேட்டு டோர்ச் அடித்தேன். என் முழங்கையில் இரத்தம் குடித்துப் பருத்த நுளம்பு வரிசையாக. அவன் கை அரை முழம் தள்ளித்தான் கிடந்தது, அதில் ஒன்றுகூட இல்லை. அவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அந்த வெளிச்சத்தில் பார்த்த இரண்டு கைகளையும் என்னால் மறக்க முடியாது. நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டது ஒரே சட்டிச் சோறு, ஒரே கருவாட்டுக் குழம்பு. ஆகவே சாப்பாடு இல்லை. நான் ஓ குரூப், அவன் பீ குரூப். விஷயம் அவ்வளவுதான்.

ஆய்வுகூடத் தங்கச்சி:

தம்பலகாமத்து அண்ணா, விஷயம் அவ்வளவு இல்லை. ஓ குரூப் கதைக்கு அடிப்படை ஜப்பானில் நடந்து 2004 இல் வெளிவந்த ஒரு ஆய்வு. அதில் ஓ குரூப்காரர் மேல் நுளம்பு கூடுதலாகக் குந்தியது உண்மை. ஆனால் தெளிவான வித்தியாசம் இருந்தது ஏ குரூப்போடுதான், பீயோடு அல்ல. அதுவும் ஒரே ஒரு இன நுளம்பு. உங்கள் வயல் நுளம்பு வேறு இனமாக இருக்கலாம்.

என் அனுபவம் சின்னது. அக்காவுக்கு இரட்டைப் பெடியன்கள், அச்சில் வார்த்த மாதிரி ஒரே முகம். மூத்த மகன் வேறு. மாரியில் மூன்று பேரையும் ஒரே வலைக்குள் போட்டு, வலையில் ஓட்டை இருந்தது தெரியாமல் விட்டுவிட்டார்கள். காலையில் அக்கா விளக்கைப் போட்டபோது இரட்டையர் இருவரும் ஒரே மாதிரிப் புள்ளி புள்ளியாக இருந்தார்கள். நடுவில் படுத்த மூத்தவனுக்கு ஒன்றிரண்டுதான். மூன்று பேருக்கும் ஒரே குரூப் இரத்தம், நானே பார்த்துச் சொன்னது.

அந்தக் காட்சிதான் என்னைத் தேடி வாசிக்க வைத்தது. லண்டன் ஆய்வாளர்கள் இரட்டையரை வைத்துச் செய்து 2015 இல் வெளிவந்த ஆய்வில், ஒரே கருவில் பிரிந்த இரட்டையரை நுளம்பு கிட்டத்தட்ட ஒரே அளவில் விரும்பியது. மற்ற இரட்டையரில் அப்படி ஒற்றுமை இல்லை. அதாவது பரம்பரை. 2022 இல் வெளிவந்த இன்னொரு ஆய்வுக்காக நியூயோர்க்கின் றொக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஆட்களுக்குக் கையில் நைலோன் காலுறை மாட்டி, அதை நுளம்புக்குக் காட்டினார்கள். ஆளே இல்லை, வெறும் காலுறை. அதிகம் ஈர்த்தவரின் காலுறை, குறைவாக ஈர்த்தவருடையதைவிடச் சுமார் நூறு மடங்கு நுளம்பைக் கூப்பிட்டது. தோலில் ஊறும் எண்ணெயில் கார்பொக்சிலிக் அமிலங்கள் கூடினவர்கள்தான் நுளம்புக்குப் பிடித்தவர்கள். வருடக்கணக்கில் பார்த்தும் அந்த வரிசை பெரிதாக மாறவில்லை. சாப்பாடு நாளுக்கு நாள் மாறும், தோல் மணம் அப்படி மாறுவதில்லை.

கிண்ணியா மதினி:

தோல் மணம் மட்டும் என்று சொல்ல வேண்டாம் தங்கச்சி. 2017 இல் டெங்கு கிண்ணியாவை உலுக்கிய மாதங்களில் என் நாத்தனாருக்கு நிறைமாதம். பகலிலும் வலைக்குள் இருந்தாள். வெயில் நேரம், வலைக்குள் வேர்த்து ஒழுகியது. நான் சாப்பாடு கொடுக்க வலையைத் தூக்கிய அந்த நொடியில் கறுப்பு வெள்ளைக் கால் நுளம்பு ஒன்று என்னைத் தாண்டி உள்ளே போய் அவள் வயிற்றில் குந்தியது. என் கை திறந்துதான் இருந்தது. என்னை ஏன் விட்டது? நான் அடித்தேன், என் உள்ளங்கையில் இரத்தம். அது அவளுடையதா, ஏற்கனவே காய்ச்சலில் கிடந்த பக்கத்து வீட்டுப் பிள்ளையுடையதா என்று நினைத்து அன்று இரவு முழுக்க எனக்கு நித்திரை இல்லை.

அல்ஹம்துலில்லாஹ், தாயும் பிள்ளையும் நலம். உம்மா தினமும் வெள்ளைப்பூடு வறுத்துக் கொடுத்தார், நுளம்பு வராதென்று. வந்தது.

மருந்தக ஊழியர், டொக்யார்ட் வீதிப் பக்கம்:

கர்ப்பிணி விஷயம் சரிதான். காம்பியாவில் நடந்து 2000 இல் வெளிவந்த ஆய்வில், மலேரியா நுளம்பு கர்ப்பிணிகளை மற்றப் பெண்களைவிட இரண்டு மடங்கு தேடியது. கடைசி மாதங்களில் மூச்சு கூடும், அதோடு கரியமில வாயுவும் கூடும். வயிற்றுச் சூடும் சற்றுக் கூடும். நுளம்பு தூரத்தில் மூச்சைப் பிடித்து வரும், கிட்டே வந்ததும் சூட்டையும் மணத்தையும் பார்க்கும்.

வெள்ளைப்பூடு சாப்பிட்டவர்களையும் சாப்பிடாதவர்களையும் ஒப்பிட்ட 2005 ஆய்வில் வித்தியாசம் எதுவும் இல்லை. விற்றமின் பீ-1 குளிசையும் அப்படித்தான். மாதம் முழுக்க அதைக் கேட்டு வருகிறார்கள், நான் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன். பியர் குடித்தால் நுளம்பு கூடுவதற்கு ஆதாரம் உண்டு, புர்கினா ஃபாசோவில் உள்ளூர்ப் பியரை வைத்தே பார்த்திருக்கிறார்கள். வாழைப்பழம் சாப்பிட்ட ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் ஒரு வகை மலேரியா நுளம்பு கையைக் கூடுதலாகத் தேடியதாக அமெரிக்காவில் ஒரு ஆய்வு உண்டு. அந்த இனம் மன்னாரிலும் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்காகப் பிள்ளைகளுக்கு வாழைப்பழத்தை நிறுத்திவிடாதீர்கள். நண்டு, இறால், கத்தரிக்காய் நுளம்பைக் கூப்பிடும் என்று நான் எங்கும் காணவில்லை.

சல்லிக் கடற்கரை:

எல்லோரும் சாப்பாட்டை விட்டுவிட்டீர்கள். நாங்கள் மீன்பிடிக் குடும்பம், நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். இவருக்கு ஒரு இரவு முகம் சிவந்து, உடம்பெல்லாம் தடிப்பு. வீட்டில் எல்லோரும் நுளம்பு என்றார்கள், திரி கொளுத்தினார்கள். நான் சட்டையைக் கழற்றச் சொன்னேன். முதுகு, நெஞ்சு, அக்குள் வரைக்கும் தடிப்பு. கை, கால் பரவாயில்லை. நுளம்பு திறந்த காலை விட்டுவிட்டு, தடித்த சட்டைக்குள் போயா கடிக்கும்? அன்று சாப்பிட்டது வெயிலில் கிடந்த சூரை. ஐஸ் போதாமல் படகில் வந்த மீன்.

பின்னர் டொக்டர் சொன்னார்: சூரை, கெளவல்லை மாதிரி மீன்கள் குளிர் இல்லாமல் கிடந்தால் கிருமிகள் அதில் ஹிஸ்டமின் என்ற இரசாயனத்தை உண்டாக்கும், எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. நுளம்பு கடித்த இடத்தில் சொறிச்சலைக் கொண்டுவருவதும் எங்கள் உடம்பே வெளிவிடும் ஹிஸ்டமின்தான். அதனால் இரண்டு தடிப்பும் ஒரே மாதிரித் தெரியும். ஆகவே தடிப்பு வந்தால் முதலில் எங்கே வந்திருக்கிறது என்று பாருங்கள். சட்டைக்குள்ளேயா, வெளியேயா? சாப்பிட்டு எவ்வளவு நேரம்? தலையிடி, படபடப்பு உண்டா? அதே மீனைச் சாப்பிட்ட மற்றவருக்கும் வந்ததா? மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பாருங்கள். சந்தையில் மத்தியானம் மலிவாகக் கொடுக்கும் சூரையை வாங்காதீர்கள். வாங்கியதும் வீட்டுக்குப் போங்கள், வழியில் நின்று கதைக்காதீர்கள். சட்டியில் போடும் வரைக்கும் மீன் குளிரில் இருக்க வேண்டும்.

உப்புவெளி அம்மா:

சல்லி அக்கா, அந்தக் கேள்வியே எனக்குத் தோன்றவில்லை. மகளுக்குத் தடிப்பு வருவது கடித்த இடத்தில் மட்டும், நடுவில் கடித்த புள்ளி தெரியும். சட்டைக்குள் வந்ததே இல்லை. சித்திரை, வைகாசியில் நுளம்பு குறைவு. அந்த மாதங்களில் முன்பு எத்தனையோ தடவை நண்டு சாப்பிட்டிருக்கிறாள், ஒன்றும் வந்ததில்லை.

ரொறன்ரோவிலிருந்து:

ஆவணியில் ஊருக்கு வந்து நிலாவெளியில் சித்தி வீட்டில் நின்றேன். இரண்டாம் நாள் என் கால் செருப்புக்குள் போகவில்லை. தம்பி முறையானவன் தன் காலைக் காட்டினான். அவனுக்கும் கடித்திருந்தது, உற்றுப் பார்த்தால்தான் தெரியும். சித்தி உடனே "இறால் சாப்பிட்டாய்" என்றார். நான் ரொறன்ரோவில் வாராவாரம் இறால் சாப்பிடுகிறவன். ஊரிலே பிறந்து பத்து வயது வரை இதே நுளம்புக்குள் வளர்ந்தவன். எனக்கு அதுதான் தாங்கவில்லை, ஊர் என்னை மறந்துவிட்ட மாதிரி.

ஓய்வுபெற்ற தாதி:

தம்பி, ஊர் மறக்கவில்லை, உங்கள் உடம்புதான் மறந்தது. நுளம்பின் எச்சிலில் உள்ள புரதத்துக்குத்தான் உடம்பு வீங்குகிறது. ஓயாமல் கடி வாங்குகிற உடம்பு காலப்போக்கில் அதைப் பொருட்படுத்தாது. பல வருடம் கடி இல்லாமல் இருந்துவிட்டு வந்தால் திரும்ப வீங்கும். சின்னப் பிள்ளைகளுக்கும் பெரிதாக வீங்குவது இதனால்தான், அவர்களின் உடம்பு இன்னும் பழகவில்லை. தம்பலகாமத்துக் கூட்டாளியைக் கடிக்கவே இல்லையா, கடித்தும் தெரியவில்லையா என்று கேட்கலாம். ஆனால் அவர் டோர்ச் அடித்து நுளம்பையே பார்த்திருக்கிறார், ஆகவே அந்தக் கதை வேறு.

உப்புவெளி அம்மாவுக்கு. கடி ஒன்று, வீக்கம் வேறு. உங்கள் மாமி இரண்டையும் சேர்த்து நண்டின் தலையில் போட்டுவிட்டார். பிள்ளைகளுக்கு ஒரு சில மணித்தியாலத்தில் கண் மூடும் அளவுக்கு வீங்குவதைக் கனடா மருத்துவர்கள் 1999 இல் விவரித்து ஸ்கீட்டர் சிண்ட்ரோம் என்று பெயர் வைத்தார்கள். சிலருக்கு இலேசான காய்ச்சலும் வரும். கிருமித் தொற்று என்று நினைத்துத் தேவையில்லாமல் அன்ரிபயோட்டிக் கொடுப்பதும் நடக்கும்.

இறால், நண்டு, வீட்டுத் தூசியில் வாழும் உண்ணிப் பூச்சி, கரப்பான் பூச்சி, நுளம்பு எல்லாவற்றின் உடம்பிலும் ட்ரோபோமயோசின் என்ற ஒரே சாதிப் புரதம் உண்டு. அதனால் அலர்ஜி இரத்தப் பரிசோதனையில் ஒன்று மற்றதைப் போலக் காட்டலாம். ஆனால் அது தசையில் உள்ள புரதம், கடியில் உள்ளே போவது எச்சில். பரிசோதனைத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு சாப்பாட்டை நிறுத்த வேண்டாம். மாட்டு இறைச்சி அலர்ஜியைக் கொண்டுவரும் பூச்சிக்கடி ஒன்று உண்மையில் இருக்கிறது. அது இரத்தம் குடிக்கும் உண்ணி (தூசி உண்ணி அல்ல), நுளம்பு இல்லை.

சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் வாய் அரிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சு இழுப்பு வந்திருந்தால் அது உணவு அலர்ஜியாக இருக்கலாம். அப்படி எப்போதாவது வந்திருந்தால் வீட்டில் கொடுத்துப் பார்க்கவே வேண்டாம். கடி வீங்கியதும் படம் எடுத்து வைத்து, அன்று சாப்பிட்டதையும் எழுதி, கிளினிக்கில் காட்டுங்கள். நண்டைத் திரும்பக் கொடுக்கலாமா என்று நேரடியாகக் கேளுங்கள். சொறிச்சலுக்கு எந்தக் குளிசை, எவ்வளவு என்பதை டொக்டரே நிறையைப் பார்த்துச் சொல்லட்டும். நகத்தை வெட்டிவிடுங்கள். பின்னேரம் வெளிர் நிறத்தில் நீளக் காற்சட்டை போடுங்கள். பாய்க்குப் பக்கத்தில் ஃபேன் வையுங்கள், காற்றில் நுளம்பால் நேராகப் பறக்க முடியாது. காய்ச்சல் இரண்டு நாள் விடாமல் இருந்தால் வீக்கத்தை விட்டுவிட்டு டெங்குவுக்கு இரத்தம் பாருங்கள்.

தம்பலகாமத்தான்:

அக்கா, அன்று அவன் கையில் நுளம்பும் இல்லை, தடிப்பும் இல்லை. தங்கச்சி சொன்ன காலுறைக் கதையை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். அடுத்த காவலுக்குச் சாரத்தையும் போர்வையையும் மாற்றிப் போட்டுப் பார்ப்பது என்று பேசியிருக்கிறோம். துவைத்ததா, துவைக்காததா போடுவது?

ஆய்வுகூடத் தங்கச்சி:

துவைக்காதது அண்ணா. ஆனால் உங்கள் தோல் மணமும் கூடவே இருக்கும், அவருடைய சாரம் அதை மறைத்துவிடாது. சாரம் இரண்டையும் கழற்றி வாடிக்கு வெளியே தனித்தனியாகக் கட்டித் தொங்கவிட்டு, டோர்ச் அடித்து எதில் குந்துகிறது என்று பாருங்கள். வந்து எழுதுங்கள்.