கட்-ஆஃப் 142: மேனேஜ்மெண்ட் கோட்டாவுக்கு 9.6 லட்சம் கொடுக்கலாமா?

கேள்வி (அரியலூரான்):
பையன் பிளஸ் டூ முடிச்சாச்சு, கட்-ஆஃப் 200-க்கு 142. கவுன்சிலிங்ல போனா சுமாரான காலேஜ்ல மெக்கானிக்கலோ சிவிலோ கிடைக்கும்னு சொல்றாங்க. அண்ணா பல்கலை இணைப்புல இருக்கிற ஒரு தனியார் காலேஜ், மேனேஜ்மெண்ட் கோட்டாவுல கம்ப்யூட்டர் சயின்ஸ் தருது. வருஷத்துக்கு ஃபீஸ் 1.5 லட்சம், ஹாஸ்டல் 90 ஆயிரம், நாலு வருஷத்துக்கு மொத்தம் 9.6 லட்சம். ஃபீஸ் முழுக்க லோன்தான். குடும்பத்துல யாரும் டிகிரி முடிச்சதில்லை. இவ்வளவு பணத்துக்கு அந்தப் படிப்பு தகுமா?

பேரேடு:
முதல்ல லோனைப் பாருங்க. வருஷம் 1.5 லட்சம், 10% வட்டின்னு வைங்க. படிப்பு 4 வருஷம், அதுக்கு மேல 1 வருஷம் தவணை கிடையாது. ஆனா வட்டி ஓடிக்கிட்டே இருக்கும். முதல் வருஷப் பணத்துக்கு 5 வருஷ வட்டி, கடைசி வருஷப் பணத்துக்கு 2 வருஷ வட்டி, எல்லாம் சேர்த்து 2.1 லட்சம். அதை அசலோட சேர்த்தா 8.1 லட்சம். 10 வருஷத்துல அடைக்க மாசம் சுமார் 10,700. படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிட்டு வந்தா (முதல் வருஷம் மாசம் 1,250, நாலாவது வருஷம் 5,000) தவணை சுமார் 7,900-ல நிக்கும். எப்பாடு பட்டாவது அதைக் கட்டிடுங்க.

இன்னொரு சிக்கல். மேனேஜ்மெண்ட் சீட்டுக்கு, மாநில அரசோட கட்டணக் கமிட்டி நிர்ணயிச்ச ஃபீஸ் வரைக்கும்தான் பேங்க் லோன் தரும். 2017-ல் நிர்ணயிச்சது அதிகபட்சம் 87,000. இந்த வருஷத் தொகை என்னன்னு கேட்டுக்கோங்க. அதுக்கு மேல காலேஜ் கேட்கிறது உங்க கையில இருந்துதான் போகணும். 1.5 லட்சத்துக்கும் ரசீது தருவாங்களான்னு எழுத்துல வாங்குங்க.

சிவகாசிக்காரன்:
குடும்பத்துல முதல் டிகிரின்னா முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை உண்டே! கவுன்சிலிங்ல சேர்ந்தாதான் அது கிடைக்கும், மேனேஜ்மெண்ட் சீட்டுக்குக் கிடையாது. சான்றிதழுக்கு இப்பவே இ-சேவை மையத்துல விண்ணப்பம் போடுங்க. குடும்பத்துல ஒருத்தருக்குத்தான் தருவாங்க. பையன் ஆறாவதுல இருந்து அரசுப் பள்ளின்னா 7.5% ஒதுக்கீட்டுல ஃபீஸும் ஹாஸ்டலும் அரசே கட்டும். அப்புறம் இந்தக் கேள்விக்கே இடமில்லை.

லேத்மெஷின்:
"100% பிளேஸ்மெண்ட்" பேனரை நம்பாதீங்க. என்.ஐ.ஆர்.எஃப்-க்கு (மத்திய அரசோட காலேஜ் தரவரிசை) கொடுத்த தகவலைக் காலேஜ் வெப்சைட்ல பி.டி.எஃப்-ஆ போட்டிருப்பாங்க. அதுல நாலு வருஷப் படிப்புக்கான அட்டவணையை எடுத்து, வேலை கிடைச்சவங்க எண்ணிக்கையை, முதல்ல காலேஜ்ல சேர்ந்தவங்க எண்ணிக்கையால வகுங்க, முடிச்சவங்க எண்ணிக்கையால வேண்டாம். உதாரணத்துக்கு 300 பேர் சேர்ந்து, 190 பேர் நேரத்துக்கு முடிச்சு, 120 பேருக்கு வேலைன்னா, காலேஜ் 63% சொல்லும். உங்களுக்கு அது 40%. நேரத்துக்கு முடிக்காதவங்க பெரும்பாலும் அரியர்ல மாட்டினவங்க. நிலுவை அரியர் இருந்தா பல கம்பெனிகள் உள்ளேயே விடாது. பக்கத்திலேயே சம்பளத்தோட இடைநிலை மதிப்பு இருக்கும், வேலை கிடைச்சவங்கள்ல பாதிப் பேருக்கு அதுக்கும் கீழேதான். அது மாசம் 18,000-ன்னா 10,700 தவணை கழுத்தை நெரிக்கும்.

என் கருத்து: கவுன்சிலிங்ல கிடைக்கிற மெக்கானிக்கல் இதைவிட மேல். அதுவும் பிடிக்கலைன்னா, பிளஸ் டூல கணக்கு எடுத்தவங்க அரசு பாலிடெக்னிக்ல நேரா இரண்டாம் வருஷம் சேரலாம். 2 வருஷ டிப்ளமோ, செலவு ரொம்பக் கம்மி. பிறகு பி.இ.-லயும் நேரா இரண்டாம் வருஷம் சேரலாம் (லேட்டரல் என்ட்ரி). மொத்தம் 5 வருஷம்தான், நடுவுல வேலைக்குப் போகவும் ஒரு கதவு திறந்திருக்கும்.

அரியலூரான்:
நன்றிங்க. சீட்டை நிறுத்தி வைக்க நாளைக்கே 25,000 கட்டச் சொல்றாங்க, ஒரிஜினல் மார்க்‌ஷீட்டும் கேட்கிறாங்க. கொடுக்கலாமா?

பேரேடு:
ஒரிஜினலைக் கொடுக்காதீங்க. சரிபார்த்துட்டு உடனே திருப்பித் தரணும்னுதான் ஏ.ஐ.சி.டி.இ. (தொழில்நுட்பக் காலேஜ்களை ஒழுங்குபடுத்துற மத்திய அமைப்பு) விதி. வகுப்பு தொடங்கும் முன்னாடி விலகினா அதிகபட்சம் 1,000 பிடிச்சுக்கிட்டு மீதியைத் தரணும். ஆனா ரசீது இல்லாம கட்டின பணத்துக்கு எந்த விதியும் துணைக்கு வராது. கவுன்சிலிங் ரவுண்டு முடியட்டும், அதுவரைக்கும் ஒரு பைசா கட்டாதீங்க.